கையால் தேய்த்து ஒரு தொலைநோக்கி ஆடி

ஒரே அளவுள்ள இரண்டு தட்டைக் கண்ணாடி வட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேசையில் அசையாமல் பொருத்தி, அதன்மேல் ஈரமான தேய்ப்புத் தூளைத் தூவி, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தால், சில மணி நேரத்தில் மேல் வட்டு குழியத் தொடங்கும். கீழ் வட்டு அதே அளவுக்கு மேடாகும். குழிந்த வட்டைப் படிப்படியாக நுண்ணிய தூள்களால் தேய்த்து, மெருகேற்றி, அலுமினியம் பூசினால் அதுதான் தொலைநோக்கியின் முதன்மை ஆடி. லேத் வேண்டாம், மோட்டார் வேண்டாம். சொன்னால் பலரும் நம்பத் தயங்குவார்கள், தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. வெறுங்கையால் தள்ளித் தேய்த்த கண்ணாடி, ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சரியாக எப்படி அமையும்?

அந்த எட்டில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியலை, அது இருக்க வேண்டிய வடிவத்திலிருந்து கால் அலைநீளத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது இயற்பியலாளர் ரேலி வகுத்த அளவுகோல். ஒளி ஆடிவரை போய்த் திரும்புவதால் பரப்பில் இருக்கும் பிழை அலையில் இரட்டிப்பாகிவிடும். ஆகவே பரப்புக்கு அதில் பாதிதான் சலுகை. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). எட்டில் ஒரு பங்கு என்றால் 70 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 150 மில்லிமீட்டர் ஆடி ஒன்றை 15 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தப் பரப்பு முழுவதிலும் 7 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்று அர்த்தம்.

பயமுறுத்தும் எண்தான். ஆனால் இதைவிட எளிதான வழி கிடையாது. நிறப்பிழையை அடக்கிய வில்லைத் தொலைநோக்கி செய்ய வேண்டுமானால் இரண்டு வகைக் கண்ணாடிகளில் நான்கு பரப்புகளைத் தேய்க்க வேண்டும். ஒளி ஊடுருவிப் போவதால் கண்ணாடியின் உட்புறமும் குற்றமற்றதாக இருக்க வேண்டும். ஆடிக்கு ஒரே ஒரு பரப்பு போதும். உள்ளே சிறு காற்றுக்குமிழி இருந்தாலும் கேட்பாரில்லை. வில்லைகளில் விழும் நிறச் சிதறலைத் தவிர்க்கத்தான் நியூட்டன் 1668இல் ஆடியைக் கொண்டு தொலைநோக்கி செய்தார். அவருடைய ஆடி உலோகத்தால் ஆனது; அகலம் 3 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1781இல் யுரேனஸைக் கண்டதும் தானே தேய்த்த உலோக ஆடியில்தான். அந்த உலோகக் கலவை விரைவில் மங்கிப்போகும்; மங்கினால் மறுபடி மெருகேற்ற வேண்டும், அப்போது வடிவமும் மாறும். 1850களில் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறை வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்தது. பூச்சு மங்கினால் பூச்சை மட்டும் மாற்றினால் போதும், அடியிலிருக்கும் வடிவம் அப்படியே இருக்கும்.

கை செய்யும் தவறும் கோளமும்

இனி மையக் கேள்வி. இரண்டு பரப்புகள் எந்தத் திசையில் நகர்ந்தாலும், எந்தக் கோணத்தில் திரும்பினாலும், எங்கும் இடைவெளி விடாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்போம். அதற்குப் பொருந்தும் வடிவம் ஒன்றே ஒன்றுதான்: கோளத்தின் ஒரு பகுதி. ஒன்று உட்குழிவு, மற்றது புறக்குவிவு, இரண்டுக்கும் ஒரே ஆரம். (சமதளமும் கோளமே, ஆரம் முடிவிலியாக இருக்கும்போது.) நீள்வட்டமோ உருளையோ ஒரு நிலையில் பொருந்தும், சற்றுத் திருப்பினால் முட்டும். முட்டும் இடத்தில் அழுத்தம் கூடும், தூள் அங்கே அதிகமாகத் தின்னும், முட்டல் மறையும். மேடு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. தேய்ப்பவர் கோளத்தை உருவாக்குவதில்லை. கோளம் அல்லாத எல்லாவற்றையும் தேய்வு ஒழித்துவிடுகிறது.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. அசைவுகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப விழக் கூடாது. அதனால்தான் ஆடி தேய்ப்பதில் மூன்று அசைவுகள் கலந்திருக்கின்றன. வட்டை முன்னும் பின்னும் தள்ளுவது முதலாவது. சில தள்ளல்களுக்கு ஒருமுறை கையிலுள்ள வட்டைச் சற்றுத் திருப்புவது இரண்டாவது. மேசையைச் சுற்றி ஓர் அடி நகர்வது மூன்றாவது. மேசைக்குப் பதில் பெரிய பீப்பாயை நிறுத்தி அதைச் சுற்றி நடப்பது பழைய வழக்கம். தள்ளல் சில நேரம் நீளும், சில நேரம் குறுகும். ஒரு கையின் அழுத்தம் மற்றதைவிடக் கூடும். அடி ஒழுங்காக விழாது. அத்தனையும் நல்லதே. நூறாயிரக்கணக்கான தள்ளல்களில் இந்தத் தவறுகள் எல்லாத் திசையிலும் பரவி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கணக்குப் பார்த்து, எட்டுத் தள்ளலுக்கு ஒரு திருப்பு, வட்டத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு அடி என்று இயந்திரம்போல் செய்பவர்தான் ஆபத்தில் மாட்டுவார்: ஒரு திசையில் ஒரு வளைவும் குறுக்குத் திசையில் வேறு வளைவுமாகப் பரப்பு கோணிக்கொள்ளும்.

மேல் வட்டு ஏன் குழிகிறது, கீழ் வட்டு ஏன் குழிவதில்லை? மேல் வட்டைத் தள்ளும்போது அதன் ஒரு பகுதி கீழ் வட்டின் விளிம்புக்கு வெளியே தொங்கும். அந்நேரம் எடை முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில் இறங்கும். அது மேல் வட்டுக்கு நடுப்பகுதி; கீழ் வட்டுக்கு விளிம்பு. ஆகவே மேலே நடுவும் கீழே ஓரமும் அதிகமாகத் தேயும். குழி தேவைக்குமேல் ஆழமாகிவிட்டால் வட்டுகளை இடம் மாற்றி, ஆடியைக் கீழே வைத்துத் தேய்த்தால் போதும். ஆழம் திரும்பக் குறையும்.

எந்த அளவில் தொடங்குவது

முதல் ஆடிக்கு 150 மில்லிமீட்டர் விட்டமும் எஃப்/8 விகிதமும் நல்ல தேர்வு. எஃப்/8 என்றால் குவியத் தொலைவு (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரையுள்ள தூரம்) விட்டத்தைப்போல் எட்டு மடங்கு, அதாவது 1200 மில்லிமீட்டர். வளைவு ஆரம், அதாவது பரப்பு எந்தக் கோளத்தின் பகுதியோ அதன் ஆரம், அதற்கு இரு மடங்கு, 2400. இப்போது நடுவில் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? ஆடியின் ஆரத்தை வர்க்கப்படுத்தி, வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 75 × 75 ÷ 4800. விடை 1.17 மில்லிமீட்டர். மொத்தக் குழியே அவ்வளவுதான்! பக்கவாட்டில் பார்த்தால் குழிவே கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆழத்தை அளக்க விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். வளையாத இரும்பு ஸ்கேல் ஒன்றை ஆடியின் குறுக்கே நிறுத்தி, நடுவில் 1.2 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழுவழுப்பான காம்பை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதில் கொஞ்சம் பிசகினாலும் நட்டமில்லை. ஆழம் 1.1இல் நின்றுவிட்டால் குவியத் தொலைவு ஏறத்தாழ 1280 ஆகும். குழாயைச் சற்று நீளமாக வெட்டிக்கொள்வது, அவ்வளவே. தொலைநோக்கியில் நானோமீட்டர் கணக்கில் சரியாக இருக்க வேண்டியது பரப்பின் வடிவம். குவியத் தொலைவு சென்டிமீட்டர் கணக்கில் முன்பின் இருக்கலாம்.

விட்டத்தைக் குறைத்தால் வேலை எளிதாகும் என்று 100 மில்லிமீட்டருக்குப் போவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. உழைப்பு பெரிதாகக் குறையாது, சேரும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். 250, 300 என்று ஆசைப்படுவதோ முதல் முயற்சியைப் பரணில் ஏற்றிவைக்கும் வழி.

கண்ணாடியில் போரோசிலிக்கேட் வகை கிடைத்தால் நல்லது. சாதாரணக் கண்ணாடியைவிட அது வெப்பத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அளவே விரியும். கிடைக்காவிட்டால் தடித்த சாதாரணக் கண்ணாடியும் பயன்படும். சோதிக்கும் முன் ஆற அதிக நேரம் விட வேண்டும், வேறு குறையில்லை. பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடிகளைத் தேய்த்தே பெரிய தொலைநோக்கிகளைச் செய்து தெருவோரம் நிறுத்தி மக்களுக்கு வானம் காட்டியவர் சான் பிரான்சிஸ்கோவின் ஜான் டாப்சன். கீழே இருக்கும் கருவி வட்டு கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. கெட்டியான பிளாஸ்டர் வட்டில் சிறு பீங்கான் ஓடுகளை எப்பாக்ஸியால் ஒட்டி, நீர் புகாமல் பூசிவிட்டாலும் நன்றாகவே உழைக்கும்.

தூள்களின் வரிசை

தொடக்கத் தூள் சிலிக்கான் கார்பைடு, 80 எண். அதன் மணிகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். ஒரு சிட்டிகையைத் தூவி, தண்ணீர் தெளித்து, வட்டை வைத்துத் தள்ளினால் காது கூசும் கரகரப்பு எழும். மணிகள் இரண்டு வட்டுகளுக்கும் நடுவே உருண்டு, கண்ணாடியில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் ஓசை அது. சில நிமிடங்களில் ஓசை அடங்கும். மணிகள் நொறுங்கிவிட்டன என்று பொருள். துடைத்துவிட்டு அடுத்த ஈடு தூளைப் போட வேண்டும். வேலையின் தாளத்தைக் கடிகாரத்தைவிடக் காது நன்றாகச் சொல்லும்.

குழியை வேகமாக இறக்க, ஆரம்பத்தில் வட்டின் நடுவைக் கீழ் வட்டின் ஓரத்தருகே கொண்டுபோய் நாண் போக்கில் தள்ளுவார்கள். ஆழம் தேவையான அளவை நெருங்கியதும் நடுவின்மேல் நடு செல்லும் நேரான தள்ளலுக்கு மாற வேண்டும். தள்ளலின் முழு நீளம் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். இந்தத் தள்ளல்தான் பரப்பைக் கோளமாகத் திருத்தும். இதன்பின் 120, 220, 320 எண் தூள்கள்; எண் கூடக் கூட மணி சிறுக்கும். அதற்குப்பின் அலுமினியம் ஆக்சைடில், மணியின் அளவையே சொல்லும் 25, 12, 5 மைக்ரான் என்று இறங்கலாம் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எண்கள் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, ஒரே தாவலில் அதிகம் இறங்காமல் இருந்தால் சரி. ஒவ்வொரு தூளின் வேலையும் ஒன்றுதான்: முந்தைய தூள் விட்டுப்போன குழிப்புள்ளிகளை அழிப்பது. போதுமா என்று அறிய, தொலைநோக்கிக்கென்று வாங்கிவைத்த கண்ணருகு வில்லையைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக்கிப் பரப்பைப் பாருங்கள். விளிம்பருகே பெரிய புள்ளிகள் மிஞ்சியிருந்தால் அதே தூளில் தொடர வேண்டும். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போனால், அந்தப் புள்ளிகளை நுண்தூளில் அழிக்கப் பல மடங்கு நேரம் பிடிக்கும். வட்டுகள் இரண்டும் சரியாகப் பொருந்துகின்றனவா என்பதற்குப் பென்சில் போதும். ஆடியில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, சில தள்ளல்கள் தேய்த்துப் பார்த்தால், கோடுகள் எங்கும் ஒரே மாதிரி மறைய வேண்டும்.

தூள் மாறும்போதெல்லாம் கழுவ வேண்டும். இதை ஒரு சிறு குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. என்னைக் கேட்டால் வேலையில் பாதி இதுதான். நுண்தூள் கட்டத்தில் பழைய 80 எண் மணி ஒன்றே ஒன்று நடுவில் புகுந்தாலும் ஆடியின் குறுக்கே கீறல் விழும். வட்டு, மேசை, வாளி, துணி, நகக்கண், சட்டைக் கைமடிப்பு எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். பஞ்சை ஒவ்வொரு தூளுக்கும் புதிதாக எடுங்கள். கழுவிய கலங்கல் நீரைக் குழாயில் ஊற்றினால் அடியில் சிமெண்டுபோல் இறுகி அடைக்கும். தனி வாளியில் தெளியவிட்டுச் சேற்றை அப்புறப்படுத்துவதே முறை. தூளை எப்போதும் ஈரமாகவே கையாள வேண்டும், காய்ந்த தூசு நுரையீரலுக்குக் கேடு. மயிரிழைக் கீறல் ஒன்று விழுந்தே விட்டதா? படத்தை அது கெடுப்பது மிகக் குறைவு. மனசு உறுத்தும், அவ்வளவுதான்.

இடையிடையே ஆடியின் விளிம்பை சாணைக்கல்லால் நீரில் நனைத்துச் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளவும் மறக்கக் கூடாது. கூர் விளிம்பு சில்லு விட்டால் அந்தச் சில்லே கீறும். நுண்தூளில் தண்ணீர் வற்றிவிட்டால் இரு வட்டுகளும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. திருப்புளியால் நெம்ப வேண்டாம். நீரில் ஊறப்போட்டுப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுக்கொடுக்கும்.

மெருகு

5 மைக்ரான் முடிந்த ஆடி வழவழப்பான பனிமூட்டக் கண்ணாடிபோல் இருக்கும். இனி தூள் உருளக் கூடாது. கருவி வட்டின்மேல் பிட்ச் எனப்படும் கீலை உருக்கி ஊற்றி, மெருகேற்றும் தூளான சீரியம் ஆக்சைடை நீரில் குழைத்துத் தடவிய ஆடியை அதன்மேல் அழுத்தினால், கீல் ஆடியின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு அதில் கட்டம் கட்டமாக வாய்க்கால் வெட்டுவார்கள். நடுக் கட்டம் வட்டின் சரியான மையத்தில் அமையாமல் சற்று விலக்கி வைப்பது வழக்கம். இல்லையென்றால் ஆடியில் வளையங்கள் தோன்றும். கீல் விசித்திரமான பொருள். சுத்தியால் அடித்தால் கண்ணாடிபோல் தெறிக்கும், எடை வைத்து விட்டுவிட்டால் மெல்ல வழியும். அந்த வழிதல்தான் ஆடியோடு அதை எப்போதும் பொருந்தவைக்கிறது. அதனால் ஒவ்வொரு அமர்வுக்கும் முன் ஆடியை அதன்மேல் வைத்துச் சிறிது நேரம் அழுத்திவிட்டே தொடங்க வேண்டும். உருக்கும்போது மிதமான சூடு போதும், ஆவி தீப்பற்றக்கூடியது.

மெருகு முழுதும் ஏற 150 மில்லிமீட்டர் ஆடிக்குப் பொதுவாக ஆறு மணி நேரமாவது தேய்க்க வேண்டியிருக்கும். நடுப்பகுதி அரைமணியில் பளபளத்துவிடும், அதை நம்ப வேண்டாம். விளிம்புதான் கடைசியில் தேறும்.

சவர அலகும் விளக்கும்

மொத்தத்திலும் வியக்கத்தக்க கட்டம் இதுவே. 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ கண்டறிந்த கத்தி விளிம்புச் சோதனைக்குத் தேவை ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு, அதன் முன் ஊசித்துளை, ஒரு சவர அலகு. விளக்கை ஆடியின் வளைவு மையத்தில், அதாவது 2400 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால், திரும்பும் ஒளி விளக்கின் பக்கத்திலேயே ஒரு புள்ளியாகக் குவியும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் கண்ணை வைத்தால் ஆடி முழுவதும் ஒளிரும். இப்போது அலகைப் பக்கவாட்டில் நகர்த்தி அந்தப் புள்ளியை மெல்ல வெட்டுங்கள். பரப்பு குற்றமற்ற கோளமானால் ஆடி முழுதும் ஒரே நேரத்தில் சீராகச் சாம்பல் நிறமாகி இருளும். எங்காவது மேடோ பள்ளமோ இருந்தால், அங்கிருந்து வரும் கதிர்கள் புள்ளியிலிருந்து சற்று விலகுவதால், அவ்விடம் முன்னாலேயோ பின்னாலேயோ இருளும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்த நிலப்பரப்பாக ஆடி கண்முன் விரியும். நானோமீட்டர் மேடு நிழல் கட்டி நிற்பதைப் பார்க்கலாம். ஆடியில் பெருவிரலை ஒரு நிமிடம் அழுத்தி எடுத்துவிட்டுப் பாருங்கள்: விரலின் வெப்பத்தில் விரிந்த கண்ணாடி குன்றாக எழுந்திருக்கும், ஆற ஆறத் தணியும். தேய்த்த சூட்டோடு சோதிக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கோளம் கிடைத்துவிட்டது. ஆனால் தொலைவிலிருந்து இணையாக வரும் விண்மீன் ஒளியை ஒரே புள்ளியில் குவிப்பது கோளமல்ல, பரவளையம். இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு? நம் 150 மில்லிமீட்டர் எஃப்/8 ஆடியில் நடுவில் இரண்டையும் பொருத்தினால் விளிம்பில் 0.29 மைக்ரான் இடைவெளி. மிக நெருங்கிய கோளத்தோடு ஒப்பிட்டால் அதில் கால்வாசி, சுமார் 70 நானோமீட்டர். ரேலியின் அளவுகோல் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது! நல்ல கோளமாக நின்றாலே ஆடி எல்லைக்கோட்டில் தேறிவிடும். புதியவருக்கு எஃப்/8ஐப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. 200 மில்லிமீட்டர் எஃப்/5 ஆடியில் இதே கணக்கு 390 நானோமீட்டர் காட்டும். அங்கே பரவளையமாக்காமல் தப்ப முடியாது.

எஃப்/8லும் கொஞ்சம் திருத்துவது நல்லதுதான். கீல் வட்டின்மேல் ஆடியை நீளத் தள்ளலில், பக்கவாட்டிலும் அகலமாக அசைத்து, நடுவைச் சற்று ஆழமாக்குவார்கள். இதற்கு மணிக்கணக்கு ஆகாது, நிமிடங்கள்தான். சில நிமிடம் தேய், ஆறவிடு, சோதி, மறுபடி தேய். விண்மீன் ஒளியைப் போலன்றி, சோதனையில் ஒளி வளைவு மையத்திலுள்ள விளக்கிலிருந்து வருவதால், பரவளையத்தில் நடுப்பகுதியும் விளிம்பும் வெவ்வேறு தொலைவில் குவியும். விளக்கை நகர்த்தாமல் அலகை மட்டும் நகர்த்தி அளந்தால் இரண்டுக்கும் இடையே 2.3 மில்லிமீட்டர் வர வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் குறுந்தள்ளலில் திரும்பக் கோளத்துக்கு வந்து தொடங்கலாம். விளிம்பு கவிழ்ந்துபோவதுதான் இக்கட்டத்தில் வழக்கமான நோய். நீளத் தள்ளலும் இளகிய கீலும் அதற்குக் காரணம். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கவிழ்ந்திருந்தால் கறுப்பு வளையம் போட்டு மறைத்துவிடுவது புத்திசாலித்தனம். அதைத் துரத்திக்கொண்டு வாரக்கணக்கில் போவதைவிட மேல்.

இந்த வேலையைத் தனியே கற்பதைவிடக் கூட்டாகக் கற்பது எளிது. 1920இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் ரஸ்ஸல் போர்ட்டர் இயந்திரத் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். பொழுதுபோக்காக ஆடி தேய்க்கும் பழக்கம் பரவியதில் அந்த வகுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. சோதனையில் நிழலைப் படிப்பது மட்டும் எழுத்தில் முழுதாக வராது. தேய்த்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால் ஒரு மாலையில் பிடிபடும்.

கடைசி வேலை அலுமினியப் பூச்சு. வெற்றிடக் கலத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள். படலம் சுமார் 100 நானோமீட்டர் தடிமன் இருக்கும், படும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் திருப்பும். வீட்டில் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான், வெளியில் அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்பும் முன் ஆடியை அப்படியே குழாயில் பொருத்தி நிலவை நோக்குங்கள். பூச்சில்லாத கண்ணாடியும் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பும். நிலவுக்கும் பிரகாசமான விண்மீனுக்கும் அது தாராளம். விண்மீனைக் குவியத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்தி, இரு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி வட்டமாக விரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் நீண்டோ மங்கியோ தெரிந்தால் ஆடியைத் திரும்பக் கீல் வட்டின்மேல் வைக்கலாம், பூசிய பிறகென்றால் முதலில் பூச்சைக் கரைத்தெடுக்க வேண்டியிருக்கும்.